குறைமாதக் குழந்தையும் வாசலில் நிற்கும் தாயும்

மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கூத்தாநல்லூர் வழியாகத் திருவாரூர் 30 கிலோமீட்டருக்குள். ஆரோக்கியமான ஆளுக்கு இது பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். முப்பதாவது வாரத்தில், ஒன்றேகால் கிலோ எடையில், மூச்சுக்கருவி இல்லாமல் தாங்காது என்ற நிலையில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் இந்தத் தூரத்துக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். கூடப் போவது அப்பாவோ அப்பாயியோதான். சிசேரியன் ஆன தாய் தையல் வலியோடு மன்னார்குடியிலேயே கிடக்கிறாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கனக்கிறது. குடிக்க வேண்டிய குழந்தை வேறு ஊரில், வேறு கட்டடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான்கைந்து நாள் கழித்து அவள் அங்கே போய்ச் சேரும்போது வாசலில் நிறுத்தி, "பார்க்கிற நேரம் முடிஞ்சிடுச்சு, சாயந்திரம் வாங்க" என்கிறார்கள்.

இந்தப் பிரிவு தவிர்க்க முடியாததா? மருத்துவக் காரணம் இருக்கிறதா, இல்லை பழக்கம் மட்டும்தானா? கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகின் பல மூலைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. குறைமாதக் குழந்தையின் சிகிச்சையில் தாயும் தகப்பனும் பார்வையாளர்கள் அல்லர், சிகிச்சையின் ஒரு பகுதி. இதை நம் காவிரி டெல்டாவில் நடைமுறைப்படுத்த வேண்டுமானால் நவீன நுட்பம் எதையும் பேசுவதற்கு முன்னால், தாயும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வழி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2020-இல் உலகில் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு எண்ணிக்கை இல்லை. தமிழ்நாட்டின் நிலை ஒப்பீட்டளவில் நல்லதுதான். அதே ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இங்கே ஆயிரம் பிறப்புக்கு 13 சிசு மரணம். அகில இந்திய அளவில் 28. கிராம சுகாதாரச் செவிலியர்கள், அவசரகாலப் பேறுகாலச் சிகிச்சை தரும் சீமாங் மையங்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவுகள், 108 வண்டிகள் என்று பல பத்தாண்டு உழைப்பின் பலன் இது. ஆனால் பிழைக்க வைப்பதில் இவ்வளவு தூரம் வந்த மாநிலம், பிழைத்த குழந்தை எப்படி வளர்கிறது, பார்க்கிறதா, கேட்கிறதா, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறதா என்ற அடுத்த கேள்விக்கு இப்போது வந்தாக வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாக வளர்கிறது. வழுவழுப்பாக இருந்த மேற்பரப்பில் மடிப்புகள் விழுகின்றன, நரம்பிணைப்புகள் பெருகுகின்றன. 34 வாரத்தில் மூளையின் எடை, நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். இந்த வேலையெல்லாம் இருட்டில், நீரில் மிதந்தபடி, தாயின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டியது. குறைமாதக் குழந்தைக்கோ அது தீவிர சிகிச்சைப் பிரிவின் குழல்விளக்கு வெளிச்சத்தில், கருவிகளின் அலறலுக்கு நடுவே நடக்கிறது. இந்தப் பிரிவுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997-இலேயே சொல்லிவிட்டது. பெட்டியின் கைத்துளைக் கதவைப் படாரென்று சாத்தினாலே உள்ளே கேட்கும் சத்தம் அந்த எல்லையைப் பல மடங்கு மீறிவிடும். பெட்டியின் மேலே பால்புட்டியையோ செல்போனையோ வைப்பதும் அப்படித்தான். வெளியே நிற்கிற நமக்கு அது சின்ன ஓசை.

வலி இன்னொன்று. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்றே 1980-கள் வரை மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள். போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகள் கூட நடந்தன. இந்தியாவில் பிறந்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்தின் ஆய்வுகள்தான் அந்த நம்பிக்கையை உடைத்தன. 1987-இல் அவரும் சக ஆய்வாளர் ஹிக்கியும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்று தெரிந்திருப்பது இதுதான்: குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் நேரத்தில் குழந்தையின் கை கால்களை மடக்கி, தலையிலும் பாதத்திலும் உள்ளங்கையை வைத்து அணைத்தபடி பிடித்துக்கொண்டால் வலியின் அறிகுறிகள் குறைகின்றன. சில துளி தாய்ப்பால் நாக்கில் பட்டாலும் குறைகிறது. இரண்டையும் செய்ய மிகப் பொருத்தமான ஆள் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு முறையாக வகுத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஹைடலிஸ் ஆல்ஸ். ஒவ்வொரு குழந்தையின் சைகையையும் பார்த்து அதற்கேற்பப் பராமரிக்க வேண்டும் என்றார். விரல்களை விரித்து நீட்டினால், விக்கல் எடுத்தால், நிறம் மாறினால் அது "போதும்" என்கிறது. கையை வாய்க்குக் கொண்டுபோனால் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறது. 1982-இல் அவர் முன்வைத்த இந்தக் கோட்பாட்டிலிருந்துதான் வளர்ச்சி சார்ந்த பராமரிப்பு என்ற துறையே கிளைத்தது. அவருடைய முழு முறையையும் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்ப ஆய்வுகள் பெரிய பலன்களைக் காட்டின. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, நீண்டகால வளர்ச்சியில் உறுதியான வேறுபாட்டைக் காணவில்லை. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள், மணிக்கணக்கான கூர்நோக்கு என்று அந்த முறை கேட்கும் செலவும் அதிகம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து திருவாரூரில் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஆனால் வெளிச்சத்தைக் குறைப்பது, சத்தத்தை அடக்குவது, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் வேலைகளைச் சேர்த்துச் செய்வது, துணியைச் சுருட்டிக் கூடு கட்டிப் படுக்க வைப்பது ஆகியவற்றுக்குக் காசு ஆகாது. துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணி இரண்டு போதும். கால் நீட்டி மல்லாந்து கிடந்த குழந்தை அந்தக் கூட்டுக்குள் முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கையை முகத்தருகே வைத்துச் சுருண்டுகொள்வதைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படாது.

தாயை வெளியே நிறுத்தியது யார்

இந்த வழக்கம் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 1890-களில் பாரிஸில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று மருத்துவப் பிரிவு நடத்திய பியர் புதேன், தாய் வந்து பார்க்காவிட்டால் அவளுக்குக் குழந்தைமேல் பற்று விட்டுப்போகும் என்று கவலைப்பட்டவர், தாய்ப்பாலை வலியுறுத்தியவர். அவர் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட மார்ட்டின் கூனி அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை பெட்டிக் குழந்தைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தார். அந்த வருமானத்தில் பல குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் குழந்தை கண்ணாடிக்குள், மற்ற எல்லோரும் வெளியே என்ற படிமம் மக்கள் மனத்தில் பதிந்துபோனது. பிறகு வந்த மருத்துவமனைகள் தொற்று பயத்தால் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தின. அந்தக் காலத்தில் தொற்றுதான் பெரிய கொலையாளி. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாய்மாரைக் கை கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். குழந்தையைத் தொடவும் விட்டார்கள். தொற்று கூடவில்லை. அடுத்த பத்தாண்டின் முடிவில் இரண்டு ஊர்களில், இரண்டும் பற்றாக்குறையால் நெருக்கப்பட்ட ஊர்கள், இன்னும் துணிச்சலான காரியங்கள் நடந்தன. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்று பரவியது. தாய்மார் பலர் குழந்தையை விட்டுவிட்டுப் போனார்கள். 1978-இல் டாக்டர் எட்கர் ரே குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவிட்டார். அதுதான் கங்காரு பராமரிப்பு. எஸ்டோனியாவின் தாலின் நகரில் 1979-இல் டாக்டர் ஆதிக் லெவினுக்குச் செவிலியர் பற்றாக்குறை. அவர் தாய்மாரை நாள் முழுவதும் குழந்தையோடு தங்க வைத்து, ஊசி மருந்து போன்றவை தவிர மற்ற வேலைகள் அனைத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தார். குழந்தைகள் எடை கூடினார்கள், தொற்று குறைந்தது.

தாலினிலிருந்து கனடாவுக்குப் போன யோசனை அங்கே முறையான ஆய்வானது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 மருத்துவமனைகளில், நாளுக்குக் குறைந்தது 6 மணி நேரம் பெற்றோர் குழந்தையைக் கவனித்துக்கொண்டார்கள். 2018-இல் வெளியான முடிவுகளின்படி அந்தக் குழந்தைகள் கூடுதலாக எடை ஏறினார்கள். பெற்றோரின் மன அழுத்தமும் குறைவு. வசதி படைத்த நாடுகள் ஏழை நாடுகளிடம் பாடம் படித்த அரிதான இடங்களில் இது ஒன்று.

இந்தியாவில் கண்டது

நம் நாட்டுக்கு இது புதிய சரக்கு இல்லை. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் டாக்டர் ஆர்த்தி மரியாவும் அவருடைய குழுவினரும் பெற்றோரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கை கழுவுவது, மேலங்கி போடுவது, துணி மாற்றுவது, குழாய் வழிப் பால் கொடுக்கத் துணை நிற்பது, ஆபத்துக் குறிகளைக் கண்டுகொள்வது என்று எளிய பாடங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஒலி-ஒளிப் படங்கள். 295 குழந்தைகளை வைத்து அவர்கள் நடத்திய சோதனையில் எல்லோரும் பயந்த தொற்று அதிகரிக்கவில்லை. வீட்டுக்குப் போவதற்கு முன் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் இந்தப் பிரிவில் 80 விழுக்காடு; வழக்கமான பிரிவில் ஏறத்தாழ 67. இந்த அனுபவத்தின் அடியொற்றி 2017-இல் மத்திய அரசு, குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை நாடு முழுவதற்கும் வெளியிட்டது. தாள் அளவில் பார்த்தால் டெல்டாவின் ஒவ்வொரு பச்சிளங்குழந்தைப் பிரிவும் பெற்றோருக்குக் கதவு திறந்திருக்க வேண்டிய இடம்தான்.

அதைவிடப் பெரிய செய்தி 2021 மே மாதம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு சோதனை நடத்தியது. இந்தியாவின் பங்கு டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில். 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். அதுவரை இருந்த மரபு, குழந்தையின் நிலை சீரான பிறகே கங்காரு பராமரிப்பைத் தொடங்குவது. இந்தச் சோதனையில் ஒரு பாதிக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனே, உடம்பு சீராகும் வரை காத்திராமல் தொடங்கினார்கள். நாளுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் தாயின் மார்பிலோ அவளுக்குப் பதிலாக ஒரு உறவினரின் மார்பிலோ குழந்தை இருந்தது. மற்றப் பிரிவில் ஒன்றரை மணி நேரம்தான். 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான பிரிவில் 15.7 விழுக்காடு, உடனே தொடங்கிய பிரிவில் 12. நான்கில் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரைகளையே மாற்றி எழுதியது: கங்காரு பராமரிப்பு கூடிய விரைவில் தொடங்கட்டும், குடும்பம் சிகிச்சையில் பங்கேற்கட்டும் என்று.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எண்ணிக்கையைக் காட்டிலும் அந்தக் கட்டடம். பிறந்த உடனே தாயின் மார்பில் குழந்தையை வைக்க வேண்டுமானால் தாய் அங்கே இருக்க வேண்டுமே? அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பெண்நோய் மருத்துவர் அங்கே வந்து தாயின் தையலைப் பார்த்தார். குழந்தை மருத்துவர் அதே கட்டிலருகே குழந்தையைப் பார்த்தார். இரண்டு துறைகள் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றன. நம் மருத்துவமனைகளில் பிரசவ வார்டும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் வெவ்வேறு மாடியில், வெவ்வேறு தலைமையின் கீழ், வெவ்வேறு ரிஜிஸ்டரில் இயங்குகின்றன. தாயின் டிஸ்சார்ஜ் ஒரு நாள், குழந்தையுடையது ஒரு மாதம் கழித்து. இடைப்பட்ட நாளில் அந்தப் பெண் மருத்துவமனைக் கணக்கில் யார்? நோயாளியும் இல்லை, ஊழியரும் இல்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கிடக்கிறாள்.

கட்டிலருகே

கங்காரு பராமரிப்பு என்ற சொல்லைக் கேட்டவர்கள் நிறையப் பேர். அதை ஒழுங்காகச் செய்வதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தவர்கள் குறைவு. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். தாயின் இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, தவளைபோலக் காலை அகட்டி மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மோவாய் நெஞ்சில் இடித்து மூச்சு அடைக்காதபடி சற்றே நிமிர்த்தி, துணியால் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டு குழந்தையின் காது மட்டத்தில் தொடங்க வேண்டும்; வயிறு மூச்சுவிட இடம் இருக்க வேண்டும். தாய் சாய்ந்து உட்கார வேண்டும். அதற்குச் சாய்வு நாற்காலி வேண்டும். சிசேரியன் ஆனவளை முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் கூட வைக்க மாட்டேங்குறாளே" என்று குறைபடுவதில் நியாயமில்லை. சித்திரை வைகாசி வெக்கையில் மின்விசிறிக் காற்று வேண்டும், ஆனால் குழந்தைமேல் நேராக அடிக்கக் கூடாது. மறைப்புத் திரை வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும். 17 மணி நேரம் என்பது இவ்வளவையும் உள்ளடக்கிய எண்.

பால் விஷயத்துக்கு வருவோம். 32 வாரத்துக்கு முன் பிறந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடத் தெரியாது. முதலில் குழாய் வழியாகச் சில மில்லிலிட்டர், பிறகு மெல்ல வாய் வழியாக. தாய் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, பாலைப் பீச்சிக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் சுரப்பு நிலைக்கும். குழந்தையைத் தொடவே விடாத இடத்தில் பால் வற்றிப்போவது அவளுடைய குறை இல்லை. வாய் வழி ஊட்டலுக்குத் தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பாலாடை இன்று இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அங்கீகரிக்கப்பட்ட கருவி. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, கொஞ்சமாகச் சாய்த்து, விழுங்கியதா என்று பார்த்து, மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். பால்புட்டியில் தங்குகிற கிருமி இதில் எளிதில் தங்குவதில்லை. கொதிநீரில் போட்டு எடுத்துவிடலாம். டெல்டாவின் அப்பாயிகளுக்கும் அம்மாச்சிகளுக்கும் பாலாடை பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெதுவாக ஊட்டவும் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் மட்டும் சொன்னால் போதும். தாயிடம் பால் போதாதபோது, 2014 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்ட தாய்ப்பால் வங்கிகள் கைகொடுக்கின்றன. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

டெல்டாவின் தடைகள்

மன்னார்குடி இராஜகோபால சுவாமி கோயிலில் பிள்ளை வரம் வேண்டி வருபவர்களின் மடியில் சந்தான கிருஷ்ணனை எழுந்தருளச் செய்யும் வழக்கம் உண்டு. குழந்தை என்றால் மடியில் இருப்பது என்பது இந்த ஊரின் நம்பிக்கையில் ஊறிய விஷயம். அதே ஊர்ப் பெண்ணுக்குப் பிள்ளை முன்கூட்டியே பிறந்துவிட்டால் மட்டும், அதை மடியில் வைக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

குற்றம் மருத்துவமனைமேல் மட்டும் இல்லை. "ஏழு மாசத்துப் பிள்ளை பொழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இது முற்றிலும் தவறு; கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பச்சை உடம்புக்காரி வெளியே போகக் கூடாது என்று தாயை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. பத்தியம் என்ற பெயரில் அரை வயிற்றுச் சாப்பாடு போட்டுப் பாலை வற்றவைக்கும் குடும்பங்களும் உண்டு. நடவுக்குப் போனதாலதான் இப்படி ஆச்சு என்று அந்தப் பெண்ணையே பழி சொல்கிறார்கள். குறைப்பிரசவத்துக்கு ரத்தக்கொதிப்பு, தொற்று, ரத்தசோகை, இரட்டைக் கர்ப்பம் என்று எத்தனையோ காரணங்கள்; பல நேரம் காரணமே தெரிவதில்லை. ஏற்கெனவே குற்றவுணர்வில் புழுங்குகிறவளிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். சிகிச்சையில் அதுவும் சேர்த்திதான்.

ஆனால் பெரிய தடை கூலி. நெல் விவசாயக் கூலிக் குடும்பத்தில் ஒரு மாதம் தாய் மருத்துவமனையில் தங்கினால் அவள் வருமானம் போகிறது. துணைக்கு ஓர் ஆள் இருந்தால் இரண்டாவது கூலியும் போகிறது. மகப்பேறு நலன் குறித்த சட்டம் குறைமாதப் பிரசவத்தால் வரும் உடல்நலக் குறைவுக்குச் சம்பளத்தோடு கூடுதலாக ஒரு மாத விடுப்பு தருகிறது. நாற்றுப் பறிக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி பெரிய ஆறுதல்தான். ஆனால் அது நிறைமாதம், குறைமாதம் என்ற வேறுபாடு இல்லாமல் தரப்படுவது; குழந்தையோடு வாரக்கணக்கில் தங்கும் நாள்களைக் கருதி வகுக்கப்பட்டது இல்லை. பிரிட்டன் 2023-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரல் முதல், குழந்தை பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாக 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் குழந்தையோடு தங்கும் நாளுக்குத் தாய்க்கு ஒரு நாள் கூலியும், இரண்டு பேருக்குச் சாப்பாடும் அரசு கொடுத்தால் போதும். மூச்சுக்கருவி வாங்கும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகை.

தகப்பன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பது டெல்டாவில் சகஜம். ஊரில் இருப்பவர் கூட வாசலில் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருக்கும் ஆளாகவே நடத்தப்படுகிறார். அவருடைய மார்பும் சூடாகத்தான் இருக்கும். கங்காரு கட்டுக்கு அது போதும். அப்பாயி, அம்மாச்சி, சித்தி என்று யாரும் முறை வைத்து ஏந்தலாம். தாயை மட்டுமே சுமக்கவைத்தால் இந்த முறை அவளுக்கு இன்னொரு தண்டனையாகிவிடும். ரத்தசோகையும் தையல் வலியுமாக இருப்பவளுக்குத் தூக்கம் வேண்டும்.

செவிலியர்கள் பக்கமும் பேச வேண்டும். ஒரு ஷிப்டில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. கூட்டம் அதிகமான இடங்களில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. கை நிறைய வேலையோடு இருப்பவரிடம் பெற்றோருக்கும் சொல்லிக்கொடு என்றால் சலிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சலிப்பு அதட்டலாக வெளிவருகிறது. தாலினும் டெல்லியும் காட்டியது என்னவென்றால், முதல் சில நாள் பாடம் நடத்தும் உழைப்பு பிறகு திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த முதல் சில நாளுக்குத் தனி ஆள் வேண்டும். ஏற்கெனவே குறைமாதக் குழந்தையை வளர்த்து வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு தாயைச் சம்பளம் கொடுத்து அந்தப் பணிக்கு அமர்த்தினால், அவள் சொல்வதை மற்றத் தாய்மார் கேட்பார்கள். பற்றாக்குறையைக் காரணம் காட்டிப் பெற்றோரைச் சம்பளமில்லாச் செவிலியர் ஆக்கிவிடவும் கூடாது. காலி இடங்களை நிரப்புவதும் கதவைத் திறப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலம் ஒரு பதில். துங்கபத்திரைப் பாசனத்தில் நெல் விளையும் கர்நாடகத்தின் கொப்பல் மாவட்டத்தில், அரசு அமைப்பின் வழியாகவே, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கங்காரு பராமரிப்பைக் கொண்டுசேர்த்திருக்கிறார்கள்.

அனுப்பும் முறையையும் மாற்ற வேண்டும். குறைப்பிரசவ வலி தொடங்கியதுமே, தாங்கும் நிலையில் இருந்தால், தாயை வயிற்றுப் பிள்ளையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது உத்தமம். நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசியை ஏற்றிவிட்டு அனுப்பலாம். அது முடியாமல் குழந்தை இங்கேயே பிறந்து அனுப்பப்பட்டால், தாயை 24 மணி நேரத்துக்குள் அதே மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு மாற்றுவதை விதியாக்க வேண்டும். வண்டி இருக்கிறது, சாலை இருக்கிறது. தாய்க்கும் சிசுவுக்கும் இலவசச் சிகிச்சையையும் போக்குவரத்தையும் உறுதிசெய்யும் மத்தியத் திட்டம் 2011 முதல் இருக்கிறது. இரண்டு மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று போன் போட்டுக் கட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் நாள்

குழந்தை எடை ஏறி வீட்டுக்குப் போனபின்னும் ஆபத்து தீர்வதில்லை. ஹரியானாவில் 8,402 எடை குறைந்த குழந்தைகளை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே கங்காரு பராமரிப்பு செய்யச் சொல்லிக்கொடுத்துத் துணை நின்றபோது முதல் ஆறு மாத மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மருத்துவமனையில் கையால் செய்து பழகிய தாய்தான் வீட்டில் தைரியமாகச் செய்வாள். கண்ணாடி வழியே ஒரு மாதம் பார்த்துவிட்டு, கடைசி நாளில் கையில் வாங்கிக்கொண்டவளால் அது முடியாது. குழந்தை கொஞ்சம் தும்மினாலும் பதறிப்போவாள். எது ஆபத்து, எது இல்லை என்று அவளுக்கு யாரும் காட்டவில்லையே.

பெற்றோருக்குத் தெரிவிக்காமல் விடுவதற்கு என்ன விலை என்பதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று நிரந்தரமாகப் பதிவு செய்திருக்கிறது. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆக்சிஜன் கொடுத்துப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் உண்டு. உரிய நேரத்தில் பரிசோதித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. அப்படி ஒன்று தேவை என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. பெற்றோரே கண்டுபிடித்து அலைந்தபோது காலம் கடந்திருந்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு அப்போது 18 வயது.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். இன்னும் சிறியவற்றுக்கு அதற்கும் முன்னால். குழந்தை எந்த மருத்துவமனையில் இருந்தாலும், வீட்டுக்கே போய்விட்டாலும், அந்த நாள் மாறாது. கேட்கும் திறன் சோதனையும், தலைச் சுற்றளவு அளப்பதும், ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அழைத்து வரும் நாளும் அதேபோலத்தான். இந்தத் தேதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தாயிடமும் தகப்பனிடமும் படித்துக்காட்டி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டு, ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரு படி அனுப்பிய பிறகே டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.